‘ஃபார்தெஸ்ட்’ என்றால் ‘மிகத் தொலைவான’ என்று எழுதிவிட்டால் போதுமா?



‘ஃபார்தெஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று தேடுங்கள். இணைய அகராதியோ பயிற்சிநூலின் பின்பக்கப் பட்டியலோ, பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: ‘மிகத் தொலைவான’. சில இடங்களில் ‘மிகத் தூரமான’ என்றும் ‘தொலைதூர’ என்றும் இருக்கும். மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார், கட்டுரையில் எழுதுகிறார், நாமும் சரி போட்டுவிடுகிறோம்.

இந்த விளக்கம் முழுத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது அரைகுறை விளக்கம். அந்த ஆங்கிலச் சொல் செய்யும் முக்கியமான வேலையை இது விட்டுவிடுகிறது. விளைவு என்ன? “இதைத் துல்லியமாச் சொல்லணும்னா இங்கிலீஷ்லதான் சொல்லணும்” என்ற எண்ணம் மாணவர் மனத்தில் மெல்ல வேர்விடுகிறது. குறை தமிழில் இல்லை. நாம் கொடுக்கும் விளக்கத்தில்தான் இருக்கிறது. அதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை

‘ஃபார்’ என்றால் தொலைவு. அதன் ஒப்பீட்டு வடிவம் ‘ஃபார்தர்’. உச்ச வடிவம் ‘ஃபார்தெஸ்ட்’. இதற்குப் பக்கத்திலேயே ‘ஃபர்தர்’, ‘ஃபர்தெஸ்ட்’ என்று இன்னொரு ஜோடியும் இருக்கிறது. மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

பள்ளிகளில் ஒரு சுலபமான விதி சொல்லித் தருவார்கள்: அளந்து பார்க்கக்கூடிய தொலைவுக்கு ‘ஃபார்தெஸ்ட்’, கருத்தளவிலான தொலைவுக்கு ‘ஃபர்தெஸ்ட்’. நினைவில் வைக்க இது வசதியான விதிதான். ஆனால் சொல் வரலாறு அவ்வளவு ஒழுங்காக இல்லை. ‘ஃபர்தர்’ என்பது ‘முன்னே’ என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது. ‘இன்னும் முன்னால்’ என்பதே அதன் தொடக்கப் பொருள். ‘ஃபார்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஓர் ஒப்பீட்டு வடிவம் முன்பு இருந்தது, அது வழக்கொழிந்தது. அந்த இடத்துக்கு ‘ஃபர்தர்’ வந்து சேர்ந்தது. அதன் இன்னொரு உச்சரிப்பாகப் பிறந்ததுதான் ‘ஃபார்தர்’. ஆக, இரண்டும் ஒரே குடும்பம். இது தொலைவுக்கு, அது கருத்துக்கு என்று பங்கு பிரித்தது பிற்காலத்தவர்.

இன்றைய நிலவரம் இதுதான். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தப் பங்கீட்டை ஓரளவு கடைப்பிடிக்கிறார்கள். நம் நாடுகளில் நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், அளக்கும் தொலைவுக்கும் ‘ஃபர்தெஸ்ட்’ என்று எழுதுவது சர்வ சாதாரணம். ஆனால் கருத்துத் தொலைவுக்கு ‘ஃபார்தெஸ்ட்’ என்று எழுதினால் பலருக்கு நெருடும். மாணவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

தமிழ் ஆசிரியருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் மாணவர்கள் இரு மொழிகளில், மலேசியாவில் மூன்று மொழிகளில், ஒரே சமயத்தில் சிந்திக்கிறார்கள். ஒரு மொழியில் புரியாதது இன்னொரு மொழியில் பிழையாக வெளிவரும்.

2. மலாய் மொழி கற்றுத்தரும் பாடம்

மலாயில் தொலைவு ‘ஜாவ்’. ஒப்பிடும்போது ‘லெபே ஜாவ்’. உச்சத்துக்குப் ‘பாலிங் ஜாவ்’ அல்லது ‘தெர்ஜாவ்’. முன்னொட்டாக ‘தெர்’ சேர்த்தால் போதும், உச்சப் பொருள் வந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் ‘பாலிங் தெர்ஜாவ்’ என்று எழுதினால் மலாய் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். ஆங்கிலத்தில் ‘மோஸ்ட் ஃபார்தெஸ்ட்’ என்று எழுதினாலும் அதே கதிதான்.

தமிழில் பெயரடைக்கு இப்படிப்பட்ட ஒப்பீட்டு விகுதியும் இல்லை, உச்ச விகுதியும் இல்லை. ‘தொலைவான’ என்ற சொல்லை எப்படித் திருப்பினாலும் அது ‘ஃபார்தெஸ்ட்’ மாதிரி ஒரே சொல்லாக மாறாது. இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. குறை இல்லை, முறை வேறு. ஆங்கிலம் சொல்லுக்குள் வைப்பதைத் தமிழ் தொடருக்குள் வைக்கிறது. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் அந்த வேலையைச் செய்கின்றன.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நான்கு பொருள் சொல்கிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் ஏராளம். ஆனால் இதன் பயன் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும். ‘ஃபார்தெஸ்ட்’ என்ற சொல்லுக்குத் தேவையானது என்ன? எங்கிருந்து விலகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், அது நீங்கல். எந்த இடத்தை வைத்து அளக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது எல்லை. எவற்றோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டும், அது ஒப்பு. ஒப்பு என்பதில் இரண்டு பொருள் ஒத்திருப்பதும் அடங்கும், ஒன்றை விட மற்றொன்று மிகுந்திருப்பதும் அடங்கும். நான்கு பொருளில் மூன்று இந்த ஒரு சொல்லுக்குக் கைகொடுக்கின்றன. இப்படிப்பட்ட மொழியில் ‘மிகத் தொலைவான’ என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வது நியாயமா?

3. ‘மிக’ செய்யும் குழப்பம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

‘நெப்டியூன் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது.’

இது என்ன சொல்கிறது? நெப்டியூன் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. யுரேனஸும் மிகத் தொலைவில்தான் உள்ளது. சனியும் மிகத் தொலைவில்தான். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நெப்டியூன்தான் கடைசிக் கோள் என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. ‘மிக’ என்பது அளவின் மிகுதியைக் காட்டும் சொல். ஆங்கிலத்தில் ‘வெரி’ என்பதற்கும் அதுதான், ‘மோஸ்ட்’ என்பதற்கும் அதுதான் என்று நாம் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். “உலகின் மிகப் பெரிய கடல் என்று எழுதினால் எல்லாருக்கும் புரிகிறதே?” புரிகிறது, உண்மைதான். ஆனால் ஏன் புரிகிறது? ‘உலகின்’ என்ற சொல் அங்கே இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்குள் ஒப்பிடுகிறோம் என்பதை அது சொல்லிவிடுகிறது. ‘உலகின்’ என்பதை எடுத்துவிட்டு ‘மிகப் பெரிய கடல்’ என்று மட்டும் வாசித்துப் பாருங்கள். ‘ஒரு பெரிய கடல்’ என்ற அளவில் வந்து நின்றுவிடும்.

ஆகவே விதியை இப்படிச் சொல்லலாம். ‘மிக’ தனியாக நின்றால் அது மிகுதி. கூட்டத்தைக் காட்டும் சொல்லோடு வந்தால்தான் அது உச்சம். ‘கோள்களில் மிகத் தொலைவில் உள்ளது நெப்டியூன்’ என்றால் சரி. ‘கோள்களிலேயே’ என்று ஏகாரம் சேர்த்தால் இன்னும் உறுதி. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை ஏகாரத்தின் வேலை. இலக்கண வகுப்பில் படித்தது இப்போது கட்டுரைக்குப் பயன்படுகிறது, பார்த்தீர்களா?

4. ‘ஆக’ என்ற சொல்லை ஏன் அடிக்கிறோம்?

சிங்கப்பூரில் செய்தி கேட்பவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் ‘ஆகப் பெரிய’, ‘ஆக அதிகமான’, ‘ஆக உயரமான’ என்ற தொடர்கள் நன்கு பழக்கம். பேச்சிலும் ‘ஆகக் கடைசியா வந்தது யாரு?’ என்று கேட்கிறோம். இலங்கைத் தமிழில் ‘ஆகக் குறைந்தது’ என்பது அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் இலக்கிய விமர்சனம் எழுதுவோர் ‘ஆகச் சிறந்த’ என்று எழுதுகிறார்கள்.

அப்படியிருக்க, மாணவர் கட்டுரையில் ‘ஆகத் தொலைவான’ என்று எழுதினால் சில ஆசிரியர்கள் அதை வட்டமிட்டு ‘மிகத் தொலைவான’ என்று திருத்துகிறார்கள். காரணம் கேட்டால், “அது பேச்சு வழக்கு” என்பார்கள். என் கருத்தில், இது திருத்தம் இல்லை. பொருள் தெளிவாக இருந்த ஒரு வாக்கியத்தை மங்கலாக்கும் வேலை.

‘மிக’ என்பது மிகுதிக்கு, ‘ஆக’ என்பது உச்சத்துக்கு. இந்தப் பிரிவினையை நம் வட்டாரத் தமிழ் தானாகவே செய்துவைத்திருக்கிறது. ‘மிகத் தொலைவான ஊர்’ பல இருக்கலாம். ‘ஆகத் தொலைவான ஊர்’ ஒன்றுதான் இருக்கும். மாணவரின் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுணுக்கத்தை, எழுத்துத் தமிழ் என்ற பெயரில் நாம் பிடுங்கிவிடக் கூடாது. எழுத்து வழக்கு பேச்சு வழக்கை விடத் தெளிவாக இருக்க வேண்டும் என்றுதானே சொல்லித் தருகிறோம்? இங்கே பேச்சு வழக்குதான் தெளிவாக இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ‘ஆக’ என்பதற்கு ‘எனவே’ என்ற பொருளும் உண்டு. ‘ஆக, நாம் செய்ய வேண்டியது…’ என்று தொடங்கும்போது காற்புள்ளி அவசியம். உச்சப் பொருளில் வரும் ‘ஆக’ அடுத்த சொல்லோடு ஒட்டியே நிற்கும். வல்லினம் வந்தால் மிகும்: ஆகப் பெரிய, ஆகத் தொலைவான, ஆகச் சிறிய, ஆகக் குறைந்த. இரண்டு, ‘மிகவும் ஆகத் தொலைவான’ என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது. மலாயில் ‘பாலிங் தெர்ஜாவ்’ என்பது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

‘ஆக’ வேண்டாம் என்று பள்ளியில் முடிவு செய்திருந்தால், மாணவருக்கு வேறு வழி காட்டுங்கள்: ‘எல்லாவற்றையும் விடத் தொலைவான’, ‘எல்லாவற்றிலும் தொலைவான’, ‘கோள்களிலேயே தொலைவான’. ‘மிக’ என்று மட்டும் திருத்திவிட்டு விடாதீர்கள்.

5. எதிலிருந்து? எவற்றுக்குள்? எப்போது?

உச்சச் சொல் ஒவ்வொன்றும் மூன்று கேள்விகளை மறைத்து வைத்திருக்கிறது. எதிலிருந்து அளக்கிறோம்? எவற்றுக்குள் ஒப்பிடுகிறோம்? எந்தக் காலத்தில்? இந்த மூன்றுக்கும் ஒவ்வோர் உதாரணம்.

எதிலிருந்து? உலகின் ஆக உயரமான மலை எவரெஸ்ட். கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,849 மீட்டர். ஆனால் ‘பூமியின் மையத்திலிருந்து ஆகத் தொலைவில் உள்ள இடம் எது?’ என்று கேட்டால் விடை எவரெஸ்ட் இல்லை. தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டிலுள்ள சிம்பொராசோ மலையின் உச்சி. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 6,300 மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் மையத்திலிருந்து அளந்தால் அது எவரெஸ்ட்டை விடச் சுமார் 2 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது. பூமி முழு உருண்டை இல்லை, நடுக்கோட்டுப் பக்கம் சற்றுப் புடைத்திருக்கிறது; சிம்பொராசோ அந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதுதான் காரணம். ‘எதிலிருந்து’ என்ற ஒரு சொல் மாறியதும் விடையே மாறிவிட்டது.

எவற்றுக்குள்? இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ‘ஜொகூருக்கு ஆகத் தொலைவான மாநிலம் எது?’ என்று வகுப்பில் கேளுங்கள். பாதிப் பேர் பெர்லிஸ் என்பார்கள். பாதிப் பேர் சபா என்பார்கள். இரு தரப்பும் சரிதான், கேள்விதான் சரியில்லை. தீபகற்ப மாநிலங்களுக்குள் என்றால் பெர்லிஸ். மலேசியா முழுமைக்கும் என்றால் சபா.

இன்னும் ஒன்று. ஜொகூரில் தஞ்சோங் பியாய்க்குப் போனால், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அதுதான் என்று எழுதியிருக்கும். சிங்கப்பூரில் செந்தோசா தீவின் பலவான் கடற்கரைக்குப் போனால், அங்கேயும் ஆசியக் கண்டத்தின் தென்கோடி என்று ஒரு பலகை உண்டு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? பெருநிலம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் தஞ்சோங் பியாய். பாலங்களால் இணைக்கப்பட்ட தீவுகளையும் கண்டத்தோடு சேர்த்துக்கொண்டால் செந்தோசாப் பலகைக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. சண்டை தொலைவைப் பற்றியது இல்லை, கூட்டத்தின் எல்லையைப் பற்றியது.

எப்போது? நம்மில் பலர் பள்ளியில் படித்தபோது கடைசிக் கோள் புளூட்டோ. 2006 ஆகஸ்ட்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியதும் அந்த இடம் நெப்டியூனுக்கு வந்தது. இது பலருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்பே, 1979 முதல் 1999 வரை, புளூட்டோவின் நீள்வட்டப் பாதை அதை நெப்டியூனை விடச் சூரியனுக்கு அருகில் கொண்டுவந்திருந்தது. அந்த இருபது ஆண்டுகளும், ஒன்பது கோள்களை எண்ணிய காலத்திலேயே, ஆகத் தொலைவில் இருந்தது நெப்டியூன்தான். அதேபோல, மனிதர் செய்து அனுப்பிய பொருள்களிலேயே ஆகத் தொலைவில் இருந்தது பயனியர் 10. 1998 பிப்ரவரி 17 அன்று வாயேஜர் 1 அதை முந்தியது. வாயேஜர் புறப்பட்டது 1977இல், பயனியர் புறப்பட்டது 1972இல். பின்னால் கிளம்பியதுதான் முன்னால் போயிருக்கிறது.

‘மிகத் தொலைவான’ என்று மட்டும் எழுதும் மாணவருக்கு இந்த மூன்று கேள்வியும் எழாது. உச்சச் சொல்லை முழுத் தொடராக எழுதப் பழகியவருக்கு எழும். இது மொழிப்பாடம் மட்டும் இல்லை, அறிவியல் பாடத்துக்கும் புவியியல் பாடத்துக்கும் இதுவே அடித்தளம்.

6. தொலைவைச் சொல்லும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை

‘தூரம்’, ‘தொலைவு’ இரண்டும் அளவுக்குப் பொருந்தும். ‘தூரம்’ வடமொழி வழி வந்து பேச்சில் நன்றாக ஊறிவிட்ட சொல். வீட்டில் எல்லாரும் ‘ரொம்ப தூரம்’ என்றுதான் சொல்கிறோம். ‘தொலைவு’ எழுத்துக்கு ஏற்றது. அறிவியல் கட்டுரைக்கு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பயன்படுத்துவது நல்லது.

‘சேய்மை’ இலக்கிய நடைக்கும் இலக்கணத்துக்கும் உரிய சொல். சேய்மைச்சுட்டு, அண்மைச்சுட்டு என்று படித்திருப்பீர்கள். ‘அந்த’ சொல்லும்போதே தொலைவு வந்துவிடுகிறது. பேச்சில் ‘அந்தக் கோடி’ என்று இழுத்துச் சொன்னால் ‘ஃபார்தெஸ்ட்’ என்ற பொருள் தானாகவே வந்துவிடும்.

‘கோடி’, ‘கடைக்கோடி’ என்பவை தொலைவை அளப்பதில்லை, முடிவைக் காட்டுகின்றன. தெருக்கோடி, தென்கோடி, வகுப்பறையின் கோடி மூலை. இவற்றுக்கு மேல் ‘மிக’வும் வேண்டாம், ‘ஆக’வும் வேண்டாம். ‘மிகக் கடைக்கோடி’ என்பது மிகை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கடைக்கோடிக் கிராமம்’ என்றால் தொலைவோடு, யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது. கட்டுரைக்கு அந்த உணர்வு வேண்டுமானால் அழகு. நெப்டியூனுக்கு அது பொருந்தாது.

‘கடைசி’ என்பது வரிசையைக் காட்டும். கடைசி ரயில் நிலையமும் ஆகத் தொலைவான நிலையமும் ஒன்றுதானா? சிங்கப்பூரின் கிழக்கு-மேற்கு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை பாசிர் ரிஸ், மறுமுனை துவாஸ் லிங்க். இரண்டுமே கடைசி நிலையங்கள்தான். ஆனால் ஜூரோங் ஈஸ்ட்டில் நிற்பவருக்கு ஆகத் தொலைவானது பாசிர் ரிஸ் மட்டும். துவாஸ் லிங்க் கடைசிதான், ஆகத் தொலைவு இல்லை.

7. தொலைவே இல்லாத இடத்தில் தொலைவு

‘ஃபர்தெஸ்ட்’ கருத்தளவில் வரும்போதுதான் அகராதி விளக்கம் அடியோடு காலை வாருகிறது. ஆங்கிலத்தில் ‘அது என் மனத்திலிருந்து ஃபர்தெஸ்ட் ஆன விஷயம்’ என்ற அமைப்பில் ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘என் மனத்திலிருந்து மிகத் தொலைவான எண்ணம்’ என்று எழுதினால் தமிழ்போல் தோன்றும், தமிழாக இருக்காது. நம் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்? ‘அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை’ அல்லது ‘நான் கனவிலும் நினைக்கவில்லை’. தொலைவு என்ற சொல்லே இல்லை, ஆனால் பொருள் முழுதாக வந்துவிட்டது.

அதேபோல் பேரம் பேசும்போது, ‘நான் போகக்கூடிய ஃபர்தெஸ்ட் இதுதான்’ என்ற பொருளுக்கு, ‘இதற்கு மேல் முடியாது’ என்போம். பதவியில் ‘ஃபர்தெஸ்ட்’ போனவரை ‘எல்லாரையும் விட மேலே வந்தவர்’ என்போம். ஆங்கிலம் கிடைமட்டமாக அளப்பதைத் தமிழ் பல இடங்களில் மேலும் கீழுமாக அளக்கிறது. இது தெரிந்த மாணவருக்குச் சொல்லுக்குச் சொல் தேடும் பழக்கம் குறையும்.

8. அகராதியில் எப்படி இருந்திருக்க வேண்டும்?

குறை சொன்னவர் மாற்றும் சொல்ல வேண்டும். மாணவர் பட்டியலில் நான் இப்படி எழுதுவேன்:

ஃபார்தெஸ்ட் / ஃபர்தெஸ்ட்: (அ) ஒரு கூட்டத்துக்குள், குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து எல்லாவற்றையும் விடத் தொலைவில் உள்ள, ஆகத் தொலைவான. (ஆ) ஓர் இடத்தின் முடிவில் உள்ள; கோடி. (இ) கருத்தளவில் வரும்போது, ‘துளியும் இல்லை’, ‘இதற்கு மேல் இல்லை’ போன்ற தமிழ் வழக்குகளால் சொல்லப்படும்.

நீளமாக இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். பயன்படாத ஒரு வரியை விடப் பயன்படும் மூன்று வரி மேல்.

9. மாணவர்களுக்குச் சிறு பயிற்சி

கீழுள்ள வாக்கியங்களில் என்ன சிக்கல் என்று முதலில் நீங்களே யோசியுங்கள். பிறகு திருத்தத்தைப் பாருங்கள்.

அ) ‘எல்லா மாணவர்களிலும் கவிதாவின் வீடு ஆகத் தொலைவு.’
மாணவர்களோடு வீட்டை ஒப்பிட முடியாது. எங்கிருந்து தொலைவு என்பதும் இல்லை. திருத்தம்: ‘எங்கள் வகுப்பு மாணவர்களின் வீடுகளிலேயே பள்ளிக்கு ஆகத் தொலைவில் இருப்பது கவிதாவின் வீடு.’

ஆ) ‘நான் மிகத் தொலைவாக ஓடியது ஐந்து கிலோமீட்டர்.’
ஆங்கில அமைப்பு அப்படியே வந்துவிட்டது. திருத்தம்: ‘நான் இதுவரை ஓடியதிலேயே அதிகத் தொலைவு ஐந்து கிலோமீட்டர்.’

இ) ‘ஈட்டி எறிதலில் முகிலன் மிகத் தொலைவு எறிந்தான். அதனால் முதல் பரிசு பெற்றான்.’
மிகத் தொலைவு எறிந்தவர்கள் இன்னும் இருவர் இருக்கலாமே! திருத்தம்: ‘ஈட்டியை மற்ற எல்லாரையும் விட அதிகத் தொலைவு எறிந்து முகிலன் முதல் பரிசு பெற்றான்.’

ஈ) ‘யுரேனஸும் நெப்டியூனும் சூரியனிலிருந்து ஆகத் தொலைவான கோள்.’
இரண்டைச் சொல்லிவிட்டு உச்சத்தை ஒருமையில் வைக்க முடியாது. திருத்தம்: ‘சூரியனிலிருந்து ஆகத் தொலைவில் உள்ள இரண்டு கோள்கள் யுரேனஸும் நெப்டியூனும்.’

உ) ‘அவரை ஏமாற்றுவது என் எண்ணத்திலிருந்து மிகத் தொலைவானது.’
திருத்தம்: ‘அவரை ஏமாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.’

ஆசிரியர்களுக்கு

விடைத்தாள் திருத்தும்போது ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். ‘மிக’ என்று கண்டதும் சரி போடாமல், ‘ஆக’ என்று கண்டதும் அடிக்காமல், அந்த வாக்கியத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து, எவற்றுக்குள், எப்போது? தேவையான விடை வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் அந்தக் கேள்வியையே எழுதிவிடுங்கள். சிவப்பு மையில் ஒரு சொல்லை மாற்றிக் கொடுப்பதை விட, ‘எவற்றுக்குள்?’ என்று எழுதிக் கொடுப்பதுதான் பிள்ளையை அடுத்த வாக்கியத்தில் யோசிக்க வைக்கும்.

‘ஆகச் சிறிய’, ‘ஆகப் பழைய’, ‘ஆக நீளமான’ என்று எந்த உச்சச் சொல்லுக்கும் இதே முறை பொருந்தும். இந்த வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வகுப்பில் செய்து பாருங்கள்.